பணியில் இருப்பவர் பெயர்

மேடையில் அமர்ந்திருக்கும் நம் சுங்க வாசலின் தலைமை அதிகாரி அவர்களே! எல்லைக் கோட்டைத் தாண்டி வந்து எங்கள் துக்கத்தில் பங்குகொள்ளும் எதிர்வாசல் அதிகாரி ஐயா அவர்களே! முன்வரிசையில் இருக்கும், மறைந்த அம்மாவின் வீட்டுக்காரரே, பிள்ளைகளே! நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் ஓட்டுநர் தம்பிகளே, சுமை இறக்கும் தோழர்களே! முத்திரைக் கட்டையும் கையுமாக இத்தனை வருஷம் எங்களைப் படுத்தி எடுத்துவிட்டு, இன்றைக்கு எங்கள் எல்லோரையும் விட அதிகமாக அழுதுகொண்டிருக்கும் சீல் சார் அவர்களே! எல்லோருக்கும் என் வணக்கம்.

என்னை உங்களுக்குத் தெரியும். குஞ்சு பொரிக்கும் கூடம் வைத்திருக்கிறேன். முட்டைக்காரம்மா என்றால் இந்த வாசலில் குழந்தையும் வழி காட்டும். சரக்கு அனுப்புவோர் சங்கத்தில் வயதில் மூத்தவள் என்பதால் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். எனக்கு முன்னால் பேசியவர்கள் அம்மாவைச் சுங்கக் கண்காணிப்பாளர் என்றார்கள், ஆறு நாட்டுச் சுங்கத்தையும் இணைக்கும் பொதுத்திரையின் முதல் பொறுப்பாளர் என்றார்கள். அத்தனையும் உண்மை. ஆனால் வண்டிக்காரர்களுக்கு அவர் யார்? ஒருமுறை அம்மா! எந்த ஜன்னலில் எந்தக் காகிதத்தை நீட்டினாலும், "இதத்தான் ஏற்கெனவே ஒருமுறை எழுதியாச்சே, மறுபடி எதுக்கு?" என்று கேட்பாரே, அந்தப் பெயர்!

அந்த அம்மா போய்விட்டார். மூன்று நாளுக்கு முன்னால் காலையில் பணிக்கு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். கணினியில் தன் பெயரை அடித்துத் திரையைத் திறந்தார். வரிசையில் நிற்கும் வண்டிகளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று படி இறங்கினார். கடைசிப் படியில் கைப்பிடியைப் பிடித்தபடியே சாய்ந்தார். அவ்வளவுதான். மனுஷ வாழ்க்கை என்பது அவ்வளவுதானா?

அன்றிலிருந்து அந்த நாற்காலியில் அவருடைய படம் இருக்கிறது. விசைப்பலகையின் மேல் பூ இருக்கிறது. திரையை யாரும் தொடவில்லை. பணியில் இருப்பவர் என்ற இடத்தில் இன்னும் அவர் பெயர்தான் எரிகிறது. அங்கே உட்கார வேண்டியவர் இரண்டாம் பொறுப்பாளர். உத்தரவு வந்துவிட்டது. உத்தரவு அவருடைய கைப்பைக்குள் இருக்கிறது. அவர் உட்காரவில்லை. அதனால் வாசல் நின்றுவிட்டது. இந்த மண்டபத்துக்கு வெளியே வண்டிகள் பாலம் வரைக்கும் நிற்கின்றன. அந்த இரண்டாம் பொறுப்பாளர் மூன்றாவது வரிசையில், தூணுக்குப் பின்னால், என் கண்ணில் படாமல் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். என் மகனுடைய மகள். என் பேத்தி. அதைச் சொல்ல எனக்குப் பெருமைதான். அந்தப் பெருமையை ஒரு பக்கம் வைத்துவிட்டுத்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

பெரியோர்களே! இந்த வாசல் பழைய நாளில் எப்படி இருந்தது என்று இளம் பிள்ளைகளுக்குத் தெரியாது. வண்டி வந்து நிற்கும். ஒரு ஜன்னலில் எழுதுவோம். அதையே அடுத்த ஜன்னலில் எழுதுவோம். எடை மேடையில் எழுதுவோம், தொற்றுத் தடுப்பு அறையில் எழுதுவோம். எல்லாம் முடிந்து கோட்டைத் தாண்டினால், எதிர்வாசலில் அவர்கள் மொழியில், அவர்கள் கணக்கில், முதலிலிருந்து எழுதுவார்கள். எழுதுகிறவர் தூங்கி வழிந்தால் ஒரு எழுத்து மாறும். ஒரு எழுத்து மாறினால் வண்டி நிற்கும். சீல் சார் இருக்கிறாரே, அவர் முத்திரை குத்துவதற்கு முன்னால் கட்டையை வாயருகே வைத்து ஊதுவார். "சார், சீக்கிரம் ஊதுங்க, தக்காளி அழுவுது" என்பான் என் மகன். "நீ ஓட்டுறது முட்டை வண்டி. உனக்கு எதுக்குடா தக்காளிக் கவலை?" என்பார் சார். பாருங்கள் சார், நீங்களும்தான் சிரிக்கிறீர்கள். அம்மாவுக்கு இந்தச் சிரிப்பு பிடிக்கும்.

அப்படிப்பட்ட நாளில்தான் அம்மாவை முதன்முதலாகப் பார்த்தேன். புதுச் சீருடை, தோளில் மடிப்புக்கூடக் கலையவில்லை. சின்னப் பெண்.

எங்கள் கூடத்தில் முட்டைகளைச் சூட்டில் வைப்போம். பொரிவதற்குச் சில நாள் இருக்கும்போது வெதுவெதுப்பான வண்டியில் ஏற்றி எதிர்ப்பக்கம் அனுப்புவோம். அங்கே போய்ப் பொரியும். அதுதான் தொழில். அன்றைக்கு இந்த வாசலில் தட்டுக் கணக்கு எழுதினார்கள். எதிர்வாசலில் முட்டைக் கணக்கு கேட்டார்கள். பெருக்கியதில் எங்கோ பிசகிவிட்டது. இரண்டு வாசலுக்கும் நடுவில் இருக்கிறதே அந்தத் துண்டுச் சாலை, அதில் வண்டியை ஓரங்கட்டிவிட்டார்கள். முன்னாலும் போக முடியாது, பின்னாலும் வர முடியாது. கணக்கு சரியாகட்டும் என்று காத்திருந்தோம். முட்டைக்குள் இருப்பது காத்திருக்குமா?

மகன் போன் செய்தான். "அம்மா, வண்டி கத்துது."

"என்னடா, இன்ஜினா?"

"இல்லம்மா. சரக்கு!"

ஓடினேன். பட்டப்பகல், வெயில் தகிக்கிறது. பெட்டிக்குப் பெட்டி கீச்சுக்கீச்சென்று சத்தம். எதிர்வாசலில் அப்போது இளைஞராக நின்றவர் யார் தெரியுமா? இதோ மேடையில் இருக்கும் ஐயாதான்! மறந்துவிட்டேன் என்று சொல்லாதீர்கள் ஐயா. "முட்டைன்னு எழுதியிருக்கு. முட்டை வரலாம். குஞ்சு வரக் கூடாது" என்றீர்கள். சரி என்று வண்டியைத் திருப்பினால் நம் வாசலில் சொன்னார்கள்: "வெளிய போனது முட்டை. உள்ள வர்றது குஞ்சு. அப்படின்னா இது இறக்குமதி. அனுமதி இருக்கா?"

என் மகன் நடுரோட்டில் நின்று கேட்டான்: "சார், அப்போ இதுங்க எந்த நாட்டுக் குஞ்சு?"

சட்டப்படி இரண்டு பேரும் சரி. சட்டப்படி குஞ்சுகள் சாக வேண்டும்!

அப்போதுதான் அந்தச் சின்னப் பெண் வந்தார். யாரையும் எதுவும் கேட்கவில்லை. புதுச் சீருடையோடு வண்டியின் பின்பக்கம் ஏறினார். ஒரு பெட்டியில் காதை வைத்தார். இறங்கி வந்து சொன்னார்: "பெட்டிக்குள்ள இருக்கிறது ஒண்ணுதானே. அதுக்கு எதுக்கு ரெண்டு உண்மை?"

காத்திருப்போர் கொட்டகையில் ஒரு நீள பெஞ்சு கிடந்தது. ஒரு முனையை அவர் பிடித்தார், மறுமுனையை என் மகன் பிடித்தான். நடுச்சாலைக்கு இழுத்துவந்து, வெள்ளைக் கோட்டுக்குக் குறுக்கே போட்டார்கள். பாதி பெஞ்சு இந்த நாட்டில், பாதி பெஞ்சு அந்த நாட்டில்.

"வாங்க சார், உக்காந்து பேசலாம்."

"நான் என் எல்லையை விட்டு வரக் கூடாதும்மா."

"நீங்க எதுக்கு வரணும்? அந்த முனை உங்க எல்லைக்குள்ளதானே இருக்கு. அங்க உக்காருங்க."

ஐயா கொஞ்ச நேரம் பெஞ்சையே பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். இரண்டு பக்கத்துக் கால்நடை மருத்துவர்களும் வந்தார்கள், ஒன்றாகவே பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். ஒரே காகிதத்தை பெஞ்சின் நடுவில் வைத்து எழுதினார்கள்: முட்டையாகப் புறப்பட்டது. வழியில் பொரிந்தது. இரு பக்கமும் சேர்ந்து பார்த்தோம். கீழே இரண்டு கையெழுத்து. இந்த வாசல் ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு நாட்டுக் கையெழுத்தும் ஒரே தாளில் விழுந்தது அன்றைக்குத்தான்!

சில குஞ்சுகள் செத்தன. பொய் சொல்ல மாட்டேன். மற்றவை பிழைத்தன. அம்மாவுக்கும் ஐயாவுக்கும் அடுத்த வாரமே விளக்கம் கேட்டு மெமோ வந்தது. அந்த மெமோவும் இரண்டு நாட்டிலிருந்தும் தனித்தனியாகத்தான் வந்தது, அதையும் சொல்லியாக வேண்டும்.

சபையோரே! அந்த பெஞ்சைத்தான் அந்தப் பெண் கணினிக் கம்பி வழியாக ஆறு நாட்டுக்கும் நீட்டினார். ஒரு சரக்கை ஓர் ஊரில் ஒருமுறை எழுதினால், ஆறு நாட்டிலும் அது தெரிய வேண்டும். வண்டி வருவதற்கு முன்னால் அதன் விவரம் வந்து நிற்க வேண்டும். சொல்வதற்கு இரண்டு வரி. செய்வதற்கு? ஓர் ஆயுசு!

சாட்சி சொல்ல என்னையும் ஒருமுறை ஆறு நாட்டு அதிகாரிகள் கூட்டத்துக்குக் கூட்டிப்போனார். நீள மேஜை. ஆறு நாட்டுக் கொடி. காலையிலிருந்து மத்தியானம் வரை என்ன சண்டை தெரியுமா? ஒரு பெட்டி என்றால் என்ன என்று! ஒரு நாடு பெட்டியை எண்ணுகிறது. ஒரு நாடு எடை போடுகிறது. ஒரு நாட்டுக்குப் பெட்டிக்குள் பெட்டி இருந்தால் இரண்டு, இன்னொரு நாட்டுக்கு ஒன்று. மத்தியானத்துக்கு மேல் தேதிச் சண்டை. ஒருவர் நாளை முன்னால் போடுகிறார், ஒருவர் மாதத்தை முன்னால் போடுகிறார். அந்தக் குழப்பத்தில் ஒரு மருந்துப் பெட்டியை ஒரு நாட்டில் நிறுத்தி வைத்திருந்தார்கள். ஏன்? அவர்கள் கணக்குப்படி அந்த மருந்து இன்னும் தயாரிக்கப்படவே இல்லையாம்! தயாரிக்காத மருந்து வாசலில் வந்து நிற்கிறதே என்று யாருக்கும் தோன்றவில்லை. காகிதத்தைப் பார்த்தவர்கள் பெட்டியைப் பார்க்கவில்லை.

அம்மா குரலை உயர்த்தவில்லை. ஒவ்வொரு நாட்டுக்காரரிடமும் போய், "உங்க ஊர்ல இத எப்படி எழுதுவீங்க? எழுதிக் காட்டுங்க" என்று கேட்டார். குழந்தை கதை கேட்பது போல உட்கார்ந்து கேட்டார். எவருடைய முறையையும் தப்பு என்று சொல்லவில்லை. நீங்கள் உங்கள் முறையிலேயே எழுதுங்கள், நடுவில் இருக்கும் திரை அதை அடுத்தவருக்குப் புரியும்படி மாற்றிக் கொடுக்கும் என்றார். அப்படி ஒரு திரையை யார் செய்வது? அவரும், என் பேத்தியைப் போன்ற பிள்ளைகளும் ஓர் அறையில் உட்கார்ந்து செய்தார்கள். எத்தனை வருஷம்! எத்தனை பேர் கேலி பேசினார்கள்! "கம்பிக்குள்ள வண்டிய ஓட்டப்போறாங்களாம்" என்று இதே வாசலில் சிரித்தார்களே! சீல் சார், நான் உங்களைப் பார்க்கவில்லை.

முதல் வண்டி போன நாளை மறக்க முடியுமா? நான் எடை மேடைக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். மகன் வண்டியைக் கொண்டுவந்தான். பச்சை விளக்கு எரிந்தது. எனக்கு நம்பிக்கை இல்லை. ஏதோ கோளாறு என்று நினைத்தேன். வண்டி நம் வாசலைத் தாண்டியது. துண்டுச் சாலையைத் தாண்டியது. எதிர்வாசலில் தடுப்புக் கம்பைத் தூக்கிவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது.

"அம்மா... நிக்கவே சொல்லலம்மா."

"காகிதம் கேட்டாங்களாடா?"

"நான் வர்றதுக்கு முன்னாடியே எல்லாம் தெரிஞ்சிருக்கு. பேரச் சொல்லி, வாங்கன்னாங்க. பயமா இருக்கும்மா. நான் எதையாவது மறந்துட்டு வந்துட்டனா?"

எத்தனை வருஷம் நின்று நின்று பழகிய மனுஷன் பாருங்கள்! நிற்காமல் போனால் தப்பு செய்துவிட்டோமோ என்று பயப்படுகிறான்! திரும்பிப் பார்த்தேன். மாடி ஜன்னலில் அம்மா நின்றுகொண்டிருந்தார். கை தட்டவில்லை, சிரிக்கவில்லை. கண்ணாடியில் நெற்றியை முட்டுக்கொடுத்து, போகிற வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். வானத்தை, கடலைப் பார்த்து வாயடைத்து நிற்பார்கள். நான் அன்றைக்கு அந்த ஜன்னலைப் பார்த்து வாயடைத்து நின்றேன்.

இன்றைக்கு அந்த வாசல் நிற்கிறது. மற்ற ஐந்து நாடுகளும் ஒரு நாள் மரியாதை செலுத்திவிட்டு வேலையைத் தொடங்கிவிட்டன. நம் வாசல்தான் தொடங்கவில்லை. வண்டிகளில் பழம் இருக்கிறது, நாற்று இருக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போகும் மருந்து இருக்கிறது. பாவம் சீல் சார், உதவி செய்வோம் என்று பழைய முத்திரைக் கட்டையைத் தேடி எடுத்து, தூசி தட்டி, பெட்டியில் மை ஊற்றிவிட்டார். குத்தி அனுப்பிய வண்டி திரும்பி வந்துவிட்டது. எதிர்வாசலில் காகிதம் வாங்குகிற ஜன்னலே இல்லை, அதைத் தேநீர் அறையாக்கிவிட்டார்களாம்! நாளைக்குள் வாசல் நடக்காவிட்டால் தற்காலிகமாகக் காகித முறையைத் திரும்பக் கொண்டுவருவோம் என்று மேலிடத்திலிருந்து சொல்லியிருக்கிறார்கள். தற்காலிகம் என்று வந்த எது சீக்கிரம் திரும்பிப் போயிருக்கிறது, சொல்லுங்கள்! அம்மாவின் ஆயுசு முழுக்க ஒரு தற்காலிகத்தில் கரையப்போகிறதா?

இன்று காலை பேத்தியிடம் நேராகவே கேட்டேன்.

"பயமா இருக்கா?"

"இல்ல பாட்டி."

"வேலை தெரியாதா?"

"தூக்கத்துல கேட்டாலும் சொல்வேன்."

"அப்புறம் என்னடி?"

கைப்பையிலிருந்து உத்தரவை எடுத்துப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "திரைல இப்ப அவங்க பேர் இருக்கு பாட்டி. நம்ம ஊர்ல மட்டும் இல்ல, ஆறு நாட்டுலயும் நம்ம வாசல்னு தேடினா, பணியில் இருப்பவர்னு அவங்க பேர்தான் வரும். நான் என் பேரைப் போட்டு உள்ள போன அடுத்த நொடி அது மறைஞ்சிடும். எல்லா இடத்துலயும் ஒரே நேரத்துல. அத நான் எப்படி என் கையால செய்வேன்?"

நண்பர்களே, இவளை நான் என்னவென்று திட்டுவது? ஓர் உயிரை இன்னும் கொஞ்ச நேரம் இருக்க வைக்கிறாள் இந்தப் பெண். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

இங்கே வந்து உட்கார்ந்த பிறகு, எதிர்வாசல் ஐயா என் பக்கத்தில் வந்து ஒன்று சொன்னார். அவர் அனுமதியோடு சொல்கிறேன். பொதுத்திரை செய்யும்போது, மேலே எந்த நாட்டின் கொடியைப் போடுவது என்று ஆறு நாடும் மல்லுக்கு நின்றதாம். அம்மா சொன்னாராம்: "கொடி வேண்டாம். ஒவ்வொரு வாசலுக்கும் பணியில இருக்கிற ஆளோட பேரைப் போடுங்க. நாட்டைக் கேட்டா யாரும் பதில் சொல்ல மாட்டாங்க. ஆளைக் கேட்டா சொல்லித்தானே ஆகணும்." ஒருவர் கேட்டாராம், அவர் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டால்? "அடுத்தவர் பேர் வர்ற வரைக்கும் அவர் பேரே இருக்கட்டும். பொறுப்புக்கு ஆள் இல்லாத வாசல்னு ஒரு நொடிகூட இருக்கக் கூடாது." இன்னொருவர் வேடிக்கையாகக் கேட்டிருக்கிறார், அவர் செத்துப் போய்விட்டால்?

எல்லோரும் சிரித்தார்களாம். அம்மா சிரிக்கவில்லையாம்.

"அப்ப அடுத்தவர் சீக்கிரம் வரணும். செத்தவரைப் போய்ப் பதில் சொல்லச் சொல்ல முடியாதில்ல?"

கேட்டாயா கண்ணு? தூணுக்குப் பின்னால் இருந்தாலும் கேட்கும், எனக்குத் தெரியும். அங்கே எரிகிற பெயர் சும்மா எரியவில்லை. பாலம் வரைக்கும் நிற்கிற ஒவ்வொரு வண்டிக்கும் ஆறு நாடும் இப்போது அவரைத்தான் கேட்கிறது: ஏன் விடவில்லை, ஏன் விடவில்லை என்று. தன் ஆயுசில் ஒரு வண்டியைக் காரணமில்லாமல் நிறுத்தாதவர் அம்மா. பதில் சொல்ல முடியாத இடத்தில் இருக்கிறார். அவரை இன்னும் எத்தனை நேரம் அங்கே உட்கார வைக்கப்போகிறாய்? மூன்று நாள் கூடுதலாகப் பணி செய்துவிட்டார். வீட்டுக்கு அனுப்பம்மா!

எழுந்துவிட்டாள்! வழி விடுங்கள் தம்பிகளே. கதவுப் பக்கம் கூட்டம் போடாதீர்கள். யாரும் அவள் முகத்தைப் பார்க்காதீர்கள், போகட்டும்.

ஒருமுறை அம்மா! உங்கள் முன்னால் நாங்கள் எல்லோரும் உறுதி சொல்கிறோம். எங்கள் சரக்கில் இருப்பதை இருக்கிறபடியே ஒருமுறை எழுதுவோம். மறைத்து எழுத மாட்டோம், மாற்றி எழுத மாட்டோம். நீங்கள் இணைத்த ஆறு நாட்டு வாசல்களில் ஒன்றுகூட எங்கள் சோம்பலாலோ, எங்கள் கண்ணீராலோ நிற்க விட மாட்டோம். சீல் சாரும் கை தூக்குகிறார், பார்த்துக்கொள்ளுங்கள்!

கடைசியாக ஒன்று. நிகழ்ச்சித் தாளில் இரண்டு நிமிட மௌனம் என்று போட்டிருக்கிறது. தலைவர் அவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும், நாம் கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். எல்லோரும் எழுந்து நிற்போம். அந்தப் பெண் மாடி ஏற வேண்டும். பூவை எடுத்து ஓரமாக வைக்க வேண்டும். தன் பெயரை அடிக்க வேண்டும். முதல் வண்டி கிளம்பும் சத்தம் இந்த ஜன்னல் வழியாகக் கேட்கும்வரை அம்மாவுக்காக மௌனமாக நிற்போம்.

ஓட்டுநர் தம்பிகளே, வரிசையில் முதல் வண்டி யாருடையது? உன்னுடையதா?

நீ மட்டும் நிற்க வேண்டாமப்பா. நீ போய் வண்டியில் ஏறு.